நாற்பத்தேழு நாள் வந்தவள்

கிளார்க்: ...ஓடாதீங்க மாஸ்டர், உட்காருங்க. பேப்பரைத் தூக்கிப் போட்டுட்டுப் போனா ஆச்சா? உங்க கையெழுத்து கோழி கிளறினாப்ல இருக்கு. நீங்க படிங்க, நான் டைப் பண்றேன்.

டிரில் மாஸ்டர்: அக்கா, மைதானத்துல நாப்பது பிள்ளைங்க வெயில்ல நிக்குது...

கிளார்க்: மரத்தடியில உட்கார வச்சுட்டுத்தான் வந்திருப்பீங்க, எனக்குத் தெரியாதா? மூணு மணிக்குள்ள பருவ அறிக்கை பெரிய மேடம் மேஜையில இருக்கணும். தொண்டு, பாட்டு, நாடகம் எல்லாம் வந்தாச்சு. உங்க விளையாட்டு ஒண்ணுதான் பாக்கி.

பியூன்: இன்னொரு லிஸ்டையும் கேட்டாங்க கிளார்க்கம்மா. வருகை குறைஞ்ச பிள்ளைங்க லிஸ்ட். கல்வி ஆபீஸ் ஆள் மூணு மணிக்கு வந்து வாங்கிட்டுப் போயிடுவாராம்.

கிளார்க்: தெரியும்ணே. அதுல ஒரே ஒரு பேர்தான்.

டிரில் மாஸ்டர்: யாரு? அந்த ஒன்பதாம் வகுப்புத் தடியனா?

கிளார்க்: அவன்கூட எப்படியோ தப்பிச்சுட்டான். இது எட்டு பி. நம்ம ஊசி.

டிரில் மாஸ்டர்: ...ஊசியா?

பியூன்: அந்த ஒல்லிப் பொண்ணா? ஒத்தைச் சடை எப்பவும் அவிழ்ந்து கிடக்குமே, அவளா? என்னம்மா சொல்றீங்க! காலையில நான் கேட் திறக்குறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிற பிள்ளை அது. ஒரு நாள் திறக்க லேட்டானா என்னையே மிரட்டும்.

கிளார்க்: ரிஜிஸ்டர் அப்படிச் சொல்லலையே. தொண்ணூறு நாள்ல நாப்பத்தேழு நாள்தான் வந்திருக்கா. அறுபத்தெட்டு இருந்தாத்தான் பரீட்சைக்கு விடுவாங்க. இல்லேன்னா வருஷம் போச்சு. மறுபடியும் எட்டாவதுல உட்காரணும்.

பியூன்: அடக் கொடுமையே.

கிளார்க்: அதுல இருபத்திரண்டு நாள் உண்மையிலேயே வரல. அவ அப்பா லாரி ஓட்டுறவர், கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தார். பக்கத்துல இருந்து பாக்க இவளை விட்டா ஆள் இல்ல. சரி, அதை விடுங்க. மிச்சம் இருபத்தொரு நாள் இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு இடிக்குது.

டிரில் மாஸ்டர்: என்ன இடிக்குது?

கிளார்க்: வருகை லிஸ்டும் பருவ அறிக்கையும் ஒரே மேஜையில கிடந்ததால கண்ணுல பட்டுது. அவ வராத தேதியைப் பாருங்க. ஆறு புதன்கிழமை. நம்ம பள்ளிக்கூடத்துல இந்தப் பருவம் புதன்கிழமை புதன்கிழமை என்ன நடந்துது?

பியூன்: தொண்டு வேலைதான். பழைய மூக்குக்கண்ணாடி சேத்து முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனோமே. முந்நூத்திப் பன்னிரண்டு கண்ணாடி. மூட்டை தூக்கினது யாரு? இந்தத் தோள்தான்.

கிளார்க்: அங்க ஊசியைப் பாத்தீங்களா?

பியூன்: பாத்தேனாவா? அவ இல்லேன்னா அந்தக் கண்ணாடி எல்லாம் குப்பைதான்மா! யாரோட கண்ணாடி, என்ன பவர், ஒரு எழவும் தெரியாது. கண் டாக்டர்கிட்ட வேலை பாக்குற பையன் ஒரு மெஷினைக் கொண்டுவந்து ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டினான். மத்த பிள்ளைங்க கொட்டாவி விட்டுதுங்க. இவ நின்னு பாத்தா. மறு புதன்கிழமை அவன் வரல, மெஷின் மட்டும் இருந்துது. இவளே உட்கார்ந்து ஒண்ணொண்ணா அளந்து, சின்னச் சீட்டுல எழுதி, காம்புல நூல் போட்டுக் கட்டிட்டா.

டிரில் மாஸ்டர்: எல்லாத்தையுமா?

பியூன்: முந்நூத்திப் பன்னிரண்டையும்! அங்க ஒரு பெரியவர், ஆறு வருஷமா எல்லாமே புகை மாதிரித்தான் தெரியுதுன்னாரு. இவ ரெண்டை மாட்டிப் பாத்துட்டு மூணாவதை மாட்டினா. எல்லாரும் பேப்பரை நீட்டுறாங்க, படிங்க படிங்கன்னு. அவர் பேப்பரைப் பாக்கலை சார். தன் கையைப் பாத்தாரு. இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி... "இவ்வளவு வயசாயிடுச்சா எனக்கு?"ன்னாரு. ஊசி சிரிச்சா. அவரும் சிரிச்சாரு. எனக்குத்தான்... சரி விடுங்க.

கிளார்க்: அப்போ ஏண்ணே அவ பேர் தொண்டு லிஸ்ட்ல இல்ல?

பியூன்: லிஸ்டுக்கு இருபது பேர்தானேம்மா? வேன்ல அவ்வளவுதான் சீட்டு. இவ என்கூட மூட்டை மேல உட்கார்ந்து வந்தா.

கிளார்க்: அதேதான். டீச்சர் எழுதி அனுப்புற லிஸ்ட்ல பேர் இருந்தா, வகுப்புல "பள்ளி வேலை"ன்னு போட்டு வந்ததா வச்சுக்குவாங்க. பேர் இல்லேன்னா சிவப்பு மைதான். எட்டு பி டீச்சர் வேற புதுசு. இவ பாடவும் இல்ல, நடிக்கவும் இல்ல, ஓடவும் இல்ல. எந்த லிஸ்ட்லயும் கிடையாது.

டிரில் மாஸ்டர்: ...ஆமா.

கிளார்க்: அண்ணே, இந்த மூணு கடிதத்தையும் எடுத்துக்கிட்டு ஓடுங்க. "இந்தப் பெண் பள்ளி வேலையாகத்தான் வந்தாள்"னு டைப் பண்ணி வச்சிருக்கேன். தொண்டு டீச்சர், பாட்டு டீச்சர், நாடகம் போட்ட தமிழ் ஐயா, மூணு பேர்கிட்டயும் தேதியைக் காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. டீ குடிக்க உட்கார்ந்துடாதீங்க.

பியூன்: இதோ போயிட்டேன்.

டிரில் மாஸ்டர்: பாட்டுக்குமா? பாட்டுல அவளுக்கு என்ன வேலை?

கிளார்க்: பாய் விரிக்க, தண்ணி குடுக்க. குரல் தேர்வுல "உனக்குக் குரல் கட்டைம்மா"ன்னு அனுப்பிட்டாங்களாம். போகாம அங்கேயே சுத்திக்கிட்டு இருந்திருக்கா. ஒத்திகை அஞ்சு நாள், போட்டி ஒரு நாள். ஆமா, போட்டிக்கு நீங்களும்தானே கூடப் போனீங்க?

டிரில் மாஸ்டர்: போனேன். அக்கா, அந்த நாளை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். நம்ம பிள்ளைங்க ரெண்டு வரி பாடியிருக்கும், கரண்ட் போயிடுச்சு. மைக் இல்ல, விளக்கு இல்ல. சபையில ஒரே சலசலப்பு. முடிஞ்சுதுடா கதைன்னு நெனச்சேன். பாத்தா... பிள்ளைங்க நிறுத்தல! ஏன்னா பின்னால சுருதி மட்டும் நிக்குது. ம்ம்ம்ம்னு. கொஞ்சம்கூட ஆடாம, அசையாம. அதைப் பிடிச்சுக்கிட்டு முழுப் பாட்டும் பாடி முடிச்சுதுங்க. நடுவர் மூணு பேரும் எழுந்து நின்னுட்டாங்க. நல்ல சுருதிப் பெட்டி அக்கா அது, பேட்டரியிலயும் ஓடுது போல.

கிளார்க்: பேட்டரியா? அந்தப் பெட்டியைப் பொருள் பதிவேட்டுல ஏத்தினவ நான். அதுல பேட்டரி போட இடமே கிடையாது.

டிரில் மாஸ்டர்: ...என்ன சொல்றீங்க?

கிளார்க்: கரண்ட் போனா பெட்டியும் போச்சு.

டிரில் மாஸ்டர்: அப்போ அந்தச் சத்தம்?

கிளார்க்: பாட்டு டீச்சர் அறிக்கையில எழுதியிருக்கிற கடைசி வரியைப் படிங்க. நீங்களே படிங்க.

டிரில் மாஸ்டர்: "போட்டிக்குப் பிறகு, திரைக்குப் பின்னால் உதவிக்கு நின்ற மாணவிக்குத் தொண்டை கட்டி, மூன்று நாள் பேச வரவில்லை"... ஐயோ! அவளா? ஏழு நிமிஷம் அக்கா! ஏழு நிமிஷம் ஒரே சுருதியில! மூச்சு எப்போ எடுத்தா?

கிளார்க்: நானும் அதைத்தான் டீச்சர்கிட்ட கேட்டேன். பிள்ளைங்க உரக்கப் பாடுற இடம் எதுன்னு அவளுக்குத் தெரியுமாம். அந்த இடமாப் பாத்து எடுத்துக்கிட்டாளாம்.

டிரில் மாஸ்டர்: கட்டைக் குரல்னு சொன்னவங்க வாயில...

கிளார்க்: டீச்சரும் அப்படித்தான் தலையில அடிச்சுக்கிட்டாங்க. கட்டைக் குரலா இருந்ததால்தான் அப்படி நின்னுதாம்.

டிரில் மாஸ்டர்: நான் பத்தடி தூரத்துல நிக்கிறேன். அது பெட்டின்னே நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க.

பியூன்: கிளார்க்கம்மா... அப்பாடா... தமிழ் ஐயா மூணாவது மாடியில இருக்காருன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?

கிளார்க்: கையெழுத்து?

பியூன்: மூணும் ஆச்சு. பாட்டு டீச்சர் கடிதத்தைப் படிச்சுட்டு அழுதுட்டாங்க. தமிழ் ஐயா சிரிக்கிறாரு. நாடகத்தன்னைக்கு என்ன நடந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா?

கிளார்க்: முதல் பரிசு வந்துதுன்னு தெரியும்.

பியூன்: அந்தச் சிம்மாசனம் இருந்துதுல்ல, அட்டையில செஞ்சது? அதுக்கு அடியில ஒன்றரை மணி நேரம் ஊசிதான் உட்கார்ந்திருந்தாளாம்! வசனம் மறந்தா எடுத்துக் குடுக்க. பன்னிரண்டு பேர் வசனமும் மனப்பாடமாம் அவளுக்கு.

டிரில் மாஸ்டர்: பன்னிரண்டு பேருதுமா?

பியூன்: இன்னும் முடியல, கேளுங்க. நடுவுல ராஜா, பயத்துல ரெண்டு பக்கத்தை அப்படியே தாண்டிட்டானாம். தூதுவன் இன்னும் உள்ளேயே வரல, அதுக்குள்ள ராஜா "தூதுவனைச் சிறையில் அடையுங்கள்"னுட்டான்! ஐயாவுக்கு வேர்த்து ஊத்துது. இவ கீழ இருந்து ராஜா காலைக் கிள்ளி, "கனவு கண்டேன் மந்திரி, இப்படி ஒரு தூதுவன் வரப் போகிறான்னு சொல்லு"ன்னிருக்கா. அவனும் சொன்னான். கதை பழைய இடத்துக்கே வந்து நின்னுடுச்சு! நடுவருங்க "அந்தக் கனவுக் காட்சி அற்புதம்"னு தனியா எழுதியிருக்காங்களாம்.

கிளார்க்: எட்டாவது படிக்கிற பிள்ளை... நானா இருந்தா கையும் ஓடியிருக்காது, காலும் ஓடியிருக்காது.

டிரில் மாஸ்டர்: என்ன பொண்ணு அக்கா இது!

பியூன்: ராஜா பதட்டத்துல அவ விரலை வேற மிதிச்சுட்டானாம். கத்தலையாம்.

கிளார்க்: நாடகம் எத்தனை நாள் போட்டிருக்காரு?

பியூன்: எட்டு.

கிளார்க்: தொண்டு ஆறு, பாட்டு ஆறு, நாடகம் எட்டு. இருபது. நாப்பத்தேழும் இருபதும்... அறுபத்தேழு.

பியூன்: அப்போ தப்பிச்சுட்டா!

கிளார்க்: அறுபத்தெட்டு வேணும்ணே.

பியூன்: ஒரு நாளா? ஒரே ஒரு நாளா குறையுது? யார்கிட்டயாவது சொல்லிக் கில்லி...

கிளார்க்: அறுபத்தேழுன்னு எழுதினா எழுதினதுதான். அங்க கூட்டிக் கழிச்சுத்தான் பாப்பாங்க. முகத்தைப் பாத்து யாரும் இரக்கப்பட மாட்டாங்க.

டிரில் மாஸ்டர்: மிச்சம் இருக்கிற அந்த ஒரு நாள்... என்னைக்கு அக்கா?

கிளார்க்: உங்க நாள்தான் மாஸ்டர். ரிலே போட்டி நடந்த வெள்ளிக்கிழமை.

டிரில் மாஸ்டர்: வெள்ளிக்கிழமையா?

கிளார்க்: உங்க அறிக்கையை இன்னும் படிக்கவே இல்லையே. படிங்க.

டிரில் மாஸ்டர்: "பள்ளிகளுக்கு இடையேயான நான்கு பேர் தொடர் ஓட்டத்தில் நம் மாணவிகள் முதலிடம். நான்காவதாக ஓடிய அணித் தலைவி..."

பியூன்: அது நம்ம கிளார்க்கம்மா பொண்ணாச்சே! கோப்பை பெரிய மேடம் ரூம்ல பளபளன்னு நிக்குது. தினமும் நான்தான் துடைக்கிறேன். பொண்ணைப் பெத்தா இப்படிப் பெக்கணும்.

கிளார்க்: அது இருக்கட்டும்ணே. மாஸ்டர், அன்னைக்கு ஊசி மைதானத்துல இருந்தாளா?

டிரில் மாஸ்டர்: கூட்டம் அக்கா... முப்பது பள்ளிக்கூடம்... யார் யாருன்னு எங்க பாக்குறது?

பியூன்: இருந்திருப்பா சார்! எல்லாத்துலயும் இருந்தவ இதுல மட்டும் இல்லாமலா போயிடுவா? தண்ணி பிடிச்சுக் குடுத்தான்னு ரெண்டு வரி எழுதிப் போடுங்க. ஒரு பிள்ளை பொழச்சுக்கும்.

கிளார்க்: அங்க அது நடக்காதுண்ணே. நெஞ்சுல நம்பர் துணி இல்லாம கேட்ல ஒரு ஈ காக்காவை விடல. நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பத்து நம்பர், பத்து பேர். அந்த லிஸ்ட் கல்வி ஆபீஸ்ல இருக்கு. உள்ள இருந்தான்னு எழுதினா, எந்த நம்பர்னு கேப்பாங்க.

பியூன்: அவளையே கூப்பிட்டுக் கேட்டா என்ன?

கிளார்க்: காலையிலேயே கேட்டாச்சு. இதோ, மாஸ்டர் உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலிக்குப் பக்கத்துலதான் நின்னா. "வெள்ளிக்கிழமை எங்கடி இருந்தே?"ன்னேன். "வீட்ல தூங்கிட்டேன் மேடம்"னா. "வருஷம் போயிடும்டி, நல்லா யோசிச்சுச் சொல்லு"ன்னேன். "தூங்கிட்டேன் மேடம்." அவ்வளவுதான்.

டிரில் மாஸ்டர்: அப்படியா சொன்னா?

கிளார்க்: அப்படித்தான் சொன்னா.

டிரில் மாஸ்டர்: வருஷம் போயிடும்னு தெரிஞ்சுமா?

கிளார்க்: தெரிஞ்சுதான்.

பியூன்: பெரிய மேடம் பெல் அடிக்குது கிளார்க்கம்மா. லிஸ்டுக்குத்தான்.

கிளார்க்: போய், பத்தே நிமிஷம்னு சொல்லுங்கண்ணே. அப்படியே வெளிக் கதவைச் சாத்திட்டுப் போங்க... ம். மாஸ்டர், இப்போ நாம ரெண்டு பேர்தான்.

டிரில் மாஸ்டர்: தண்ணி இருக்கா அக்கா?

கிளார்க்: இந்தாங்க. மெல்ல... மேல ஊத்திக்கிறீங்க பாருங்க.

டிரில் மாஸ்டர்: அக்கா, நான் ஒண்ணு சொன்னா... நீங்க என்னைத் திட்டுவீங்க.

கிளார்க்: திட்டுறதா வேண்டாமான்னு கேட்டுட்டுச் சொல்றேன்.

டிரில் மாஸ்டர்: அவ தூங்கல. பாட்டுல திரைக்குப் பின்னால நின்னா. நாடகத்துல சிம்மாசனத்துக்கு அடியில கிடந்தா. இதுலயும் நானே அவளை ஒளிச்சு வச்சா நான் மனுஷனே இல்ல. அக்கா... நாலாவதா ஓடினது ஊசி.

கிளார்க்: முழுசாச் சொல்லுங்க.

டிரில் மாஸ்டர்: உங்க பொண்ணு பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கால் மடங்கிடுச்சு. பாதம் வீங்கி, தரையில ஊன முடியல. ஓடி முடிக்கும்போதுதான் சுளுக்குச்சுன்னு உங்ககிட்ட சொன்னேன்ல, அது பொய். ஊசி ஷூ மூட்டை தூக்க பஸ்ல வந்திருந்தா. கேட்ல விட மாட்டாங்கன்னு பஸ்லயே உட்கார்ந்திருந்தா. எனக்குப் பைத்தியம் பிடிச்சாப்ல ஆயிடுச்சு. மூணு மாசம் உழைச்ச பிள்ளைங்க, நாலாவது ஆள் இல்லேன்னா எல்லாமே போச்சு. நம்பர் வாங்கின மத்த ஆறு பேரும் வேற வேற போட்டிக்குப் போயாச்சு. "ஓடுவியா?"ன்னேன். "குச்சியை எந்தக் கையில வாங்கணும் சார்?"னா. அவ்வளவுதான் கேட்டா. உங்க பொண்ணோட ஏழாம் நம்பரைக் கழட்டி அவ நெஞ்சுல குத்தினேன்.

கிளார்க்: ஷூ?

டிரில் மாஸ்டர்: உங்க பொண்ணு ஷூதான். ரெண்டு சைஸ் பெருசு. உள்ள பேப்பரைச் சுருட்டித் திணிச்சுக்கிட்டா. அக்கா, குச்சி கைக்கு வரும்போது நாம மூணாவது. முன்னால ரெண்டு பேரும் எட்டடி, பத்தடி தூரத்துல போறாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் என் தோளைப் பிடிச்சு உலுக்குறாரு, "யோவ், கண்ணைத் திறந்து பாருய்யா, யாருய்யா அது?"ன்னு. திறந்து பாத்தேன். ஓடுறான்னு சொல்லக் கூடாதுக்கா. கால் தரையில பட்ட மாதிரியே தெரியல. பதினஞ்சு வருஷமா விசில் ஊதுறேன், அப்படி ஒரு ஓட்டத்தை நான் பாத்ததில்ல. இனிமேலும் பாக்கப் போறதில்ல.

கிளார்க்: அப்புறம்?

டிரில் மாஸ்டர்: கோட்டைத் தாண்டினவ நிக்கவே இல்ல. நேரா பஸ்ஸுக்கு வந்து, ஷூவைக் கழட்டி, நம்பரைக் கழட்டி, உங்க பொண்ணுகிட்ட குடுத்துட்டா. மேடையில பதக்கம் போடும்போது உங்க பொண்ணு நொண்டிக்கிட்டுப் போய் நின்னா. நான் பஸ் பக்கம் திரும்பிப் பாத்தேன். ஊசி ஜன்னல்ல தலையை நீட்டிக் கை தட்டுறா அக்கா. அவ பதக்கத்துக்கு அவளே கை தட்டுறா.

கிளார்க்: ...தொடைச்சுக்கோங்க மாஸ்டர். இந்தாங்க.

டிரில் மாஸ்டர்: "யார்கிட்டயும் சொல்லாதே"ன்னு நான்தான் சொன்னேன். அதுக்காகத்தான் தூங்கினேன்னு சொல்லியிருக்கா. என்னைக் காப்பாத்த, ஒரு வருஷத்தையே தூக்கிக் குடுக்கிறா. பதினாலு வயசுல! நான் எழுதிக் குடுக்கிறேன் அக்கா. பள்ளி வேலையா நான்தான் கூட்டிட்டுப் போனேன், எண் ஏழு அவதான், தப்பு என்னுது, அவளுது இல்லன்னு. அறுபத்தெட்டு ஆயிடும்ல?

கிளார்க்: ஆயிடும். கோப்பை போயிடும்.

டிரில் மாஸ்டர்: போகட்டும்.

கிளார்க்: உங்க வேலை?

டிரில் மாஸ்டர்: அது... பெரிய மேடம் என்ன சொல்றாங்களோ, கேட்டுக்கிறேன். ஆனா உங்களை நெனச்சாத்தான் அக்கா எனக்குக் கை வரல. உங்க பொண்ணு பதக்கமும் போயிடும். ஊரெல்லாம் பேசும். ஒண்ணும் தெரியாம இருக்கிற உங்க தலையில கல்லைத் தூக்கிப் போடுறேனே... என்னை மன்னிச்சுடுங்க.

கிளார்க்: எனக்கு எல்லாம் தெரியும் மாஸ்டர். அன்னைக்குச் சாயங்காலமே என் பொண்ணு பதக்கத்தைக் கழட்டி என் கையில குடுத்து, "அம்மா, இது ஊசியோடது"ன்னா. "வாயை மூடிக்கிட்டுப் போய்ப் படு"ன்னு சொன்னவ நான்தான். அன்னையிலிருந்து அவ என்கூட முகம் குடுத்துப் பேசல. அந்த வெள்ளிக்கிழமையைத் தொடாம இந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் வேற எங்கயாவது கிடைச்சுடாதான்னு நாலு நாளா எல்லா அறிக்கையையும் புரட்டுறேன், கிடைக்கல. காலையில ஊசி தூங்கினேன்னு சொல்லும்போது என் மூஞ்சியைத்தான் பாத்தா மாஸ்டர். அந்தப் பொய் உங்களுக்காக மட்டும் சொன்னது இல்ல. நீங்க எழுதுங்க... கீழ சாட்சின்னு கொஞ்சம் இடம் விடுங்க, நான் கையெழுத்துப் போடணும்.